வீட்டின் திறனா, குடியிருப்பவரின் சிக்கனமா?
வாடகை வீட்டு ஆற்றல் விதிகளும் அவற்றைத் தமிழில் சொல்லும் முறையும்



இலக்கணம், அகராதி, பாடநூல் மொழி ஆகியவற்றைப் பற்றிய உரைகளையே இவ்வரிசையில் நீங்கள் பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டை வாடகைக்கு விடுவோர் கடைப்பிடிக்க வேண்டிய ஆற்றல் விதிகள். அவ்விதிகளுக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். எமக்கு அத்தொடர்பு எம்முடைய பிழை ஒன்றினால் ஏற்பட்டது. ஆகவே அப்பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

எம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் மேற்படிப்புக்காக இலண்டனில் தங்கியிருந்தார். அவர் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து சென்று குடியேறிய முதிய இணையர் வாடகைக்கு இருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்க இயலாது. வாடகைத் தாள்களோடு அவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ் ஒன்றைப் படமெடுத்து அனுப்பிய மாணவி, "ஐயா, இதன் தலைப்பையும் முக்கிய வரிகளையும் நல்ல தமிழில் எழுதித் தாருங்கள், அவர்களுக்குக் கொடுக்கிறேன்" என்று கேட்டார். வேறொரு வேலைக்கிடையே விரைந்து எழுதி அனுப்பினோம். "ஆற்றல் சிக்கனச் சான்றிதழ். தரம்: எஃப். இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தரம்: இ." இவ்வளவுதான்.

மூன்று வாரங்கள் கழித்து மாணவியிடமிருந்து மற்றொரு செய்தி வந்தது. அந்த இணையர் வெப்பமூட்டியை மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே போடுகின்றனர். மற்ற நேரமெல்லாம் மேலங்கி அணிந்து போர்வைக்குள் அமர்ந்திருக்கின்றனர். ஏன் என்று கேட்டதற்கு அம்மூதாட்டி கூறிய விடையை மாணவி அப்படியே எழுதியிருந்தார்: "எங்கட சிக்கனம் காணாதாம் பிள்ளை. எஃப் எண்டு போட்டிருக்கினம். இனி இன்னும் கவனமாய் இருக்கவேணும்."

அச்சான்றிதழ் அவர்களைப் பற்றியதே அன்று. அது வீட்டைப் பற்றியது. அந்த 'எஃப்' என்னும் எழுத்தின்மீது செயற்பட வேண்டிய கடமையும் அவர்களுடையதன்று. வீட்டை வாடகைக்கு விட்டவருடையது. எம் மொழிபெயர்ப்பில் இருந்த ஒரே ஒரு சொல் அந்தக் கடமையை இடம் மாற்றிவிட்டது. அச்சொல் 'சிக்கனம்'.

1. விதி சொல்வது என்ன?

முதலில் விதியைத் தெளிவாக அறிந்துகொள்வோம். பிரித்தானிய நாடாளுமன்றம் 2011ஆம் ஆண்டில் ஆற்றல் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் கீழ் 2015ஆம் ஆண்டில், தனியார் வாடகைக் கட்டடங்களுக்கான ஆற்றல் திறன் விதிகள் வகுக்கப்பட்டன. இவை இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரியவை, ஸ்காட்லாந்துக்குப் பொருந்தா.

இவ்விதிகளின் அடிப்படை, ஏற்கெனவே நடைமுறையில் இருந்த ஆற்றல் செயல்திறன் சான்றிதழ். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்றைப் பின்பற்றி, வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கு இச்சான்றிதழ் 2008 அக்டோபர் முதல் கட்டாயமாயிற்று. ஒரு முறை பெற்றால் பத்தாண்டுகள் செல்லுபடியாகும். வீட்டுக்கு ஒரு மதிப்பெண் கணித்து, அதை ஏ முதல் ஜி வரையிலான ஏழு எழுத்துகளுள் ஒன்றில் அடக்குவர். 92உம் அதற்கு மேலும் பெற்ற வீடு 'ஏ'. 39 முதல் 54 வரை 'இ'. 21 முதல் 38 வரை 'எஃப்'. 20க்கும் அதற்குக் கீழும் 'ஜி'.

இ என்னும் தரத்தை எட்டாத வீட்டை, அதாவது எஃப் அல்லது ஜி பெற்ற வீட்டை, வாடகைக்கு விடக் கூடாது என்பதே விதியின் சாரம். மீறினால் உள்ளாட்சி மன்றம் தண்டம் விதிக்கலாம். மூன்று மாதத்துக்குக் குறைவான மீறலுக்கு 2,000 பவுண்டு வரையும், அதற்கு மேற்பட்டதற்கு 4,000 பவுண்டு வரையும் தண்டம் உண்டு. ஒரு வீட்டுக்கு மொத்தத்தில் 5,000 பவுண்டே உச்சம். விதிமீறலால் வாடகை ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'வீட்டைப் பற்றி முறையிட்டால் நம் ஒப்பந்தமே இல்லாமற் போய்விடுமோ' என்று வாடகைக்கு இருப்பவர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு இவ்விதியில் இடமில்லை.

இத்தகைய விதி ஏன் தேவைப்பட்டது? இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் தனியாரிடம் வாடகைக்கு இருக்கிறது. அவ்வீடுகளில் பல நூறாண்டுகளுக்கு மேற்பட்டவை. இடைவெளியில்லாத ஒற்றைச் செங்கற் சுவர்களும் காற்றுப் புகும் சன்னல்களும் கொண்டவை. சுவருக்கு வெப்பக் காப்பு அமைப்பதும், சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்துவதும், பழைய வெப்பமூட்டியை மாற்றுவதும் வீட்டை உடையவரின் செலவு. அதனால் மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் குறைந்தால், அப்பயன் வாடகைக்கு இருப்பவருக்கு. செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் போகும் இடத்தில் வேலை நடைபெறாமலே இருந்துவிடும். வாடகைக்கு இருப்பவர் தாமே செய்துகொள்வாரா என்றால், அடுத்த ஆண்டு அவ்வீட்டில் இருப்போமா என்பதே உறுதியில்லாதவர் பிறர் சுவரில் பணத்தைப் போடமாட்டார். இம்முடிச்சை அவிழ்க்கவே சட்டம் தலையிட்டது.

2. சான்றிதழ் எதை அளக்கிறது?

இவ்விடத்தில்தான் எம் பிழையின் வேர் இருக்கிறது. அம்மதிப்பெண்ணைக் கணிக்கும் முறையைச் சற்று உற்று நோக்குங்கள்.

மதிப்பீட்டாளர் வீட்டுக்குச் சென்று சுவரின் வகை, கூரைப் பரணில் உள்ள காப்பின் தடிமன், சன்னல், வெப்பமூட்டும் முறை, வெந்நீர் அமைப்பு, பொருத்தப்பட்ட விளக்குகள் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார். குடும்பத்தின் கட்டணச் சீட்டை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அங்கு எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதும் கணக்கில் வருவதில்லை. தரைப்பரப்பைக் கொண்டு ஓர் எண்ணிக்கையைக் கணிப்பு முறையே வைத்துக்கொள்கிறது. வசிப்பறை 21 டிகிரி செல்சியசுக்கு வெப்பமூட்டப்படும் என்றும் அதுவே கொள்கிறது. அவ்வாறு வாழ்ந்தால் வெப்பத்துக்கும் வெந்நீருக்கும் விளக்குக்கும் எவ்வளவு செலவாகும் என்பதிலிருந்து மதிப்பெண் பிறக்கிறது.

இதன் பொருள் என்ன? ஒரே வீட்டில் ஊதாரி குடியிருந்தாலும் துறவி குடியிருந்தாலும் மதிப்பெண் மாறாது. அந்த முதிய இணையர் வெப்பமூட்டியை ஆண்டு முழுவதும் அணைத்து வைத்திருந்தாலும் அவ்வீடு 'எஃப்' ஆகவே இருந்திருக்கும். மனிதரின் பழக்கத்தை வேண்டுமென்றே விலக்கிவிட்டு, கட்டடத்தை மட்டும் அளப்பதற்காக உருவான கருவி அது. அத்தகைய கருவிக்குச் 'சிக்கனம்' என்று பெயரிட்டோம். எதை அளக்கவில்லையோ அதன் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டோம்.

3. சிக்கனமும் திறனும்

சொற்பொருள் ஆய்வில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சொல்லை ஏவல் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது. 'சிக்கனமாக இரு' என்பது இயல்பான தமிழ். தாய் மகளிடம் சொல்வார். ஆசிரியர் மாணவரிடம் சொல்வார். 'பயனுறுதிறனோடு இரு' என்று எவரும் எவரிடமும் சொல்வதில்லை. சிக்கனம் என்பது மனிதர் மேற்கொள்ளும் ஒழுக்கம், ஏவினால் செய்யத்தக்கது, செய்யாவிடில் கடிந்துகொள்ளத்தக்கது. அதன் எதிர்ச்சொல் ஊதாரித்தனம். அதுவும் மனிதரின் குணமே. பயனுறுதிறன் என்பது பொருளின் தன்மை. இட்ட ஆற்றலில் எவ்வளவு பயனாகிறது என்பதை அது சொல்கிறது. ஓட்டைப் பானையைப் பார்த்து 'சிக்கனமாக இரு' என்று சொல்வதில் பயனில்லை.

'விறகுச் சிக்கன அடுப்பு' என்று சொல்கிறோமே, அங்கே சிக்கனம் பொருளுக்கு ஆகவில்லையா என்று யாரேனும் வினவலாம். நல்ல வினா. அத்தொடரில் 'அடுப்பு' என்னும் தலைமைச் சொல் இருக்கிறது. சிக்கனத்தைச் செய்வது அடுப்பு என்பது அதனால் தெளிவாகிறது. 'ஆற்றல் சிக்கனச் சான்றிதழ்' என்னும் தொடரிலோ தலைமைச் சொல் 'சான்றிதழ்'. யாருடைய சிக்கனம் என்பதைத் தொடர் சொல்லவில்லை. வெற்றிடம் விட்டால் கேட்பவர் தம் வழக்கத்தைக் கொண்டு நிரப்புவார். தமிழ் வழக்கில் சிக்கனம் மனிதருக்கு உரியது. ஆகவே அந்த மூதாட்டி தம் பெயரை அங்கே இட்டு நிரப்பிக்கொண்டார். அவர் தமிழைச் சரியாகவே வாசித்தார். தவறாக எழுதியவர் யாமே.

மலாய் மொழி இவ்வேறுபாட்டை எவ்வளவு தெளிவாகக் காக்கிறது என்பதை இந்நாட்டில் வாழும் நாம் அறிவோம். 'ஜிமாட்' என்பது சிக்கனம். 'செகாப்' என்பது செயலில் திறமை. 2024ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நம் நாட்டுச் சட்டத்தின் தலைப்பில் 'கெசெகாப்பான்' என்னும் சொல்லும் 'கொன்செர்வாசி' என்னும் சொல்லும் தனித்தனியே நிற்கின்றன. திறன் வேறு, காத்துப் பேணுதல் வேறு என்று தலைப்பிலேயே பிரித்துக் காட்டுகிறது அச்சட்டம். அதைத் தமிழில் சொல்லும்போது இரண்டையும் 'சிக்கனம்' என்னும் ஒரே கூடையில் போட்டுவிடுவது எளிது, ஆனால் பிழை.

4. மூன்று நாட்டுத் தமிழ்

அப்படியானால் 'ஆற்றல் திறன்' என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். அங்கும் ஓர் இடர் உண்டு. பொது வழக்கில் ஆற்றலும் திறனும் ஏறத்தாழ ஒரே பொருள் தருபவை. 'ஆற்றல் மிக்கவர்', 'திறன் மிக்கவர்' என்னும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் 'திறன்' என்பது வாட்டில் அளக்கப்படும் அளவு; இட்டதற்கும் பெற்றதற்கும் உள்ள விகிதத்தை அங்கே 'பயனுறுதிறன்' என்பர். இலங்கைப் பாடநூல்களில் ஆற்றல் என்பது 'சக்தி'. வாட்டில் அளக்கப்படுவது 'வலு'. அவ்விகிதத்தை 'வினைத்திறன்' என்று வழங்குவர். மலேசியத் தமிழ்ப்பள்ளி அறிவியல் நூல்களிலும் 'சக்தி' என்பதே வழக்கு.

எந்த நாட்டுச் சொல் சரி என்று வழக்காட வேண்டிய தேவை இங்கில்லை. கேட்பவர் எங்கே பயின்றவர் என்பதை அறிந்து சொல்ல வேண்டும் என்பதே பாடம். யாழ்ப்பாணத்தில் பயின்ற இணையருக்கு 'சக்தி வினைத்திறன்' என்று எழுதியிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் பயின்றவருக்கு 'ஆற்றல் பயனுறுதிறன்'. எவருக்கு எழுதினாலும் அதற்கு முன் மற்றொரு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். 'வீட்டின்' என்பது அச்சொல். 'வீட்டின் சக்தி வினைத்திறன் சான்றிதழ்' என்று எழுதியிருந்தால் ஆறாம் வேற்றுமை தன் வேலையைச் செய்திருக்கும். திறன் எதனுடையது என்ற ஐயத்துக்கே இடமிருந்திருக்காது.

5. 'வீட்டுக்காரர்' யார்?

அடுத்த சிக்கல், கடமைக்கு உரியவரைக் குறிக்கும் சொல். பழைய அகராதிகளைப் பின்பற்றி 'நிலக்கிழார்' என்று மொழிபெயர்ப்போர் உண்டு. அது வயலும் குத்தகையும் சார்ந்த உலகத்தின் சொல். பேச்சு வழக்கில் 'வீட்டுக்காரர்' என்கிறோம். ஆயினும் 'எங்கள் வீட்டுக்காரர்' என்று ஒரு பெண் சொன்னால் அவர் கணவரையும் குறிக்கலாம். செய்தித்தாளில் 'வீட்டு உரிமையாளர்' என்று எழுதுகின்றனர். இது நன்றாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இவ்விதியைச் சொல்ல இது போதாது.

தம் சொந்த வீட்டில் தாமே வாழ்பவர் வீட்டு உரிமையாளர்தாம். அவருக்கு இவ்விதி பொருந்தாது. அவர் வீடு 'ஜி' தரத்தில் இருந்தாலும் அது விதிமீறல் ஆகாது. மறுபுறம், இங்கிலாந்தில் அடுக்கக வீடு ஒன்றை நெடுங்காலக் குத்தகையில் பெற்றவர் அதை மற்றொருவருக்கு வாடகைக்கு விடலாம். கட்டடத்தின் முழு உரிமை வேறொருவரிடம் இருக்கும். ஆயினும் இவ்விதியின் கடமை வாடகைக்கு விட்டவரையே சேரும். சுவரில் கைவைக்கக் கட்டட உரிமையாளரின் இசைவு தேவைப்பட்டால் அதைக் கேட்டுப் பெற முயல வேண்டியவரும் அவரே. ஆகவே உரிமையால் பெயரிடாமல் செயலால் பெயரிடுவதே பொருத்தம். 'வாடகைக்கு விடுபவர்', 'வாடகைக்கு எடுப்பவர்' என்னும் இணையைப் பரிந்துரைக்கிறோம். 'விடு', 'எடு' என்னும் இரு வினைகளும் யார் எப்பக்கம் நிற்கிறார் என்பதைக் காட்டிவிடும். 'வாடகைதாரர்' என்னும் சொல்லை ஒரு வகுப்பில் கொடுத்துப் பொருள் கேட்டுப் பாருங்கள். இருவரையும் குறித்து விடை வருவதை நாம் கண்டிருக்கிறோம்.

6. விடுதலும் விட்டிருத்தலும்

இவ்விதி இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், தரம் குறைந்த வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் தடுக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களின் கீழ் அவ்வீட்டைத் தொடர்ந்து வாடகைக்கு வைத்திருப்பதும் தடுக்கப்பட்டது.

'வாடகைக்கு விடக் கூடாது' என்று மட்டும் தமிழில் எழுதினால் முதற்கட்டமே புலப்படும். 'விடு' என்பது ஒரு கணத்தில் முடியும் செயல். பத்தாண்டுகளாக அங்கேயே குடியிருக்கும் ஒருவர் அதைப் படித்தால், 'எனக்கு எப்போதோ விட்டுவிட்டார்களே, இது புதிதாக வருவோருக்குத்தான்' என்று எண்ணக்கூடும். இரண்டாம் கட்டத்தைச் சொல்ல நம் மொழியிலேயே கருவி இருக்கிறது. செய்து முடிந்த செயலின் நிலை நீடிப்பதை 'இரு' என்னும் துணைவினை காட்டும். 'வாடகைக்கு விடவும் கூடாது, விட்டிருக்கவும் கூடாது.' சட்டம் ஈராண்டு இடைவெளியில் செய்ததைத் தமிழ் ஒரு துணைவினையால் சொல்லிவிடுகிறது. இலக்கணப் பாடத்தில் துணைவினையைக் கற்பிக்கும்போது இத்தகைய எடுத்துக்காட்டுகளையும் மாணவர்முன் வைக்கலாம்.

7. 'விலக்கு' என்னும் இரட்டை முகம்

'விலக்கு' என்னும் சொல்லில் மிகுந்த விழிப்பு வேண்டும். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டியதில்லை. மதுவிலக்கு என்றால் மது கூடாது. ஒரே சொல் ஓரிடத்தில் விடுவிக்கிறது; மற்றோரிடத்தில் தடுக்கிறது. அறநூல் உரைகளில் விதிக்கு மறுதலையாக வரும் 'விலக்கு' தடையையே குறிக்கும். ஆகவே 'இவ்வீட்டுக்கு வாடகை விலக்கு உண்டு' என்று எழுதினால் ஒருவர் தடை என்றும் மற்றொருவர் தளர்வு என்றும் கொள்வர். 'விதியிலிருந்து விடுவிப்பு' என்று விரித்து எழுதுவதே நன்று.

இவ்விதிகளில் விடுவிப்பு எவ்வாறு அமைகிறது என்பதும் அறியத்தக்கது. 'இ' தரத்தை எட்ட வாடகைக்கு விடுபவர் தம் பணத்திலிருந்து செலவிட வேண்டிய உச்சவரம்பு, வரி உட்பட 3,500 பவுண்டு. இவ்வரம்பு 2019 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன், பிறர் நிதி கிடைத்தால்தான் வேலை செய்ய வேண்டும் என்ற நிலை இருந்தது. அந்நிதிக்கென வகுத்த கடன் திட்டத்துக்கு அரசு 2015இலேயே நிதியை நிறுத்திவிட்டதால் விதி ஏறத்தாழப் பல்லிழந்து நின்றது. உச்சவரம்பு வரை செலவிட்டும் 'இ' எட்டாவிட்டாலோ, கட்டட உரிமையாளரோ குடியிருப்பவரோ இசைவு மறுத்தாலோ, வேலையால் வீட்டின் மதிப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்று தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் எழுதித் தந்தாலோ விடுவிப்புப் பெறலாம்.

ஆனால் அது தானாகக் கிடைப்பதன்று. வாடகைக்கு விடுபவர் அதற்கான சான்றுகளோடு அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பெரும்பாலானவை ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே. வீட்டை விற்றால் வாங்கியவருக்கு அது கைமாறாது. பொய்யான தகவலைப் பதிந்தால் தனித் தண்டம் உண்டு. அப்பதிவேட்டை எவரும் தேடிப் பார்க்கலாம். 'எமக்கு விலக்கு இருக்கிறது' என்று வாயால் சொல்வது போதாது என்பதை வாடகைக்கு இருப்பவர் அறிந்திருந்தால், அவர் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது அவருக்கே தெளிவாகிவிடும்.

8. பழி எங்கே போய்ச் சேர்கிறது?

ஒரு சொல்லுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று நீங்கள் எண்ணலாம். வீட்டின் குறையை மனிதரின் பழக்கமாகச் சொல்லிவிடும் வழக்கம் தமிழ் மொழிபெயர்ப்பில் மட்டும் நிகழ்வதன்று. அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குத் துயரமான ஒரு சான்று இங்கிலாந்திலேயே உண்டு.

2020 டிசம்பரில் ரோச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. குடியிருந்த வீட்டில் நெடுநாளாக இருந்த பூஞ்சையே அதன் மூச்சுக்குழல் நோய்க்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அது தனியார் வாடகை வீடன்று. சமூக வீட்டுவசதி அமைப்பின் வீடு. ஆகவே நாம் இதுவரை பேசிய விதி அதற்கு உரியதன்று. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது, அக்குடும்பம் முறையிட்ட போதெல்லாம் பூஞ்சைக்குக் காரணம் அவர்களுடைய வாழ்க்கை முறையே என்று கருதப்பட்டது என்பதாகும். இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரி ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி 2021இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே, இது வாழ்க்கை முறையால் வருவதன்று என்னும் பொருள்பட அமைந்திருந்தது. சமூக வீடுகளில் இத்தகைய கேடுகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்னும் ஏற்பாடு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது. அது இன்று அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது.

'காற்றோட்டமாக வையுங்கள்', 'சமைக்கும்போது சன்னலைத் திறவுங்கள்', 'சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்' என்னும் அறிவுரைகள் பொய்யானவை அல்ல. அவற்றுக்கு உரிய இடம் உண்டு. வீட்டைச் சீர்செய்ய வேண்டிய இடத்தில் அவற்றை வைக்கும்போதுதான் அவை தீங்காகின்றன.

பிரெஞ்சு நாட்டார் இதற்கு வேறொரு வழியில் பெயரிட்டனர். வெப்பம் தங்காத வீட்டை அந்நாட்டு மக்கள் 'வெப்பச் சல்லடை' என்னும் பொருள்படும் தொடரால் குறிக்கின்றனர். சல்லடையில் நீர் ஊற்றுபவரை எவரும் பழிப்பதில்லை, சல்லடையைத்தான் பார்ப்பர். 2021ஆம் ஆண்டின் காலநிலைச் சட்டம், வாழத் தகுந்த வீடு எது என்னும் இலக்கணத்துக்குள்ளேயே ஆற்றல் தர எழுத்தையும் சேர்த்தது. அதன்படி 2025 ஜனவரி 1 முதல் 'ஜி' தர வீடு வாடகைக்குத் தகுந்த வீடாகக் கொள்ளப்படுவதில்லை. 2028இல் 'எஃப்', 2034இல் 'இ' என்று வரம்பு உயரும். அளவுகோல் அங்கே வேறு. ஆகவே அவர்களது எழுத்தையும் ஆங்கிலேயரின் எழுத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. பெயரிட்ட முறையை மட்டும் நாம் கவனிப்போம்.

வாடகைக்கு விடுவோரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர்களுள் பலர் ஒன்றிரண்டு வீடுகளே உடையவர்கள்; ஓய்வூதியத்துக்கு மாற்றாக அவ்வாடகையை நம்பியிருப்பவர்கள். பழைய ஒற்றைச் சுவருக்குக் காப்பு அமைப்பது 3,500 பவுண்டில் முடியும் வேலையன்று. செலவு கூடினால் வாடகை உயரலாம். சிலர் வீட்டையே விற்றுவிடலாம். இவ்வச்சங்களால்தான் அரசின் உறுதியும் ஊசலாடியது. வாடகை வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை 'சி' ஆக உயர்த்தும் முன்மொழிவை 2023 செப்டம்பரில் அன்றைய அரசு கைவிட்டது. பின்னர் வந்த அரசு 2025 பிப்ரவரியில், 2030க்குள் 'சி' என்றும் செலவு வரம்பு 15,000 பவுண்டு என்றும் முன்மொழிந்து மக்களின் கருத்தைக் கேட்டது. எவ்வளவு, எப்போது, யார் செலவில் என்பவை வழக்காடத்தக்க வினாக்கள். ஆனால் வழக்கில் இரு பக்கத்தாரும் ஒரே பொருளைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டைப் பற்றிய வழக்கு, குடியிருப்பவரின் ஒழுக்கத்தைப் பற்றிய வழக்காக மாறிவிடக் கூடாது.

9. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

நம் நாட்டு 2024ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய ஆற்றல் பயனாளர்களையும் பெரிய கட்டடங்களையும் மின்கருவிகளையுமே நோக்குகிறது. வாடகை வீட்டுக்கென இங்கிலாந்தில் உள்ளது போன்ற விதி அதில் இல்லை. இங்கே குளிருக்கு மாறாக வெப்பம். ஆயினும் அதே முடிச்சு இங்கும் உண்டு. வாடகை வீட்டின் குளிரூட்டியை வாங்கிப் பொருத்துபவர் ஒருவர். அதன் மின்கட்டணத்தைக் கட்டுபவர் மற்றொருவர். ஒட்டுவில்லையில் உள்ள நட்சத்திரங்கள் கருவியைப் பற்றியவை என்பதையும், 'தேவையில்லாதபோது அணையுங்கள்' என்பது மனிதரைப் பற்றியது என்பதையும் மாணவர் பிரித்தறிந்தால் அதுவே நல்ல தொடக்கம்.

ஆசிரியப் பெருமக்களே, 'ஆற்றல் சிக்கனம்' என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். மாணவரும் விளக்கை அணைப்போம், குழாயை மூடுவோம் என்று எழுதித் தருகின்றனர். இனி அதனோடு மற்றொரு பயிற்சியையும் தாருங்கள். அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, அதில் கடமை யாருடையது, தன்மை எதனுடையது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். எழுவாய் மறைந்திருந்தால் அதை வெளிப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இங்கிலாந்துக்குச் சென்று வாடகைக்கு அறை தேடுவீர்கள். கையெழுத்திடுமுன் வீட்டின் சான்றிதழைக் கேளுங்கள். இன்னும் சிலர் மொழிபெயர்ப்பாளர் ஆவீர்கள். அப்போது எம்மைப்போல் விரைந்து எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

அந்த இணையருக்கு உடனே திருத்திய தமிழை அனுப்பினோம். "வீட்டின் சக்தி வினைத்திறன் சான்றிதழ். இவ்வீடு பெற்ற தரம் எஃப். பதிவு செய்த விடுவிப்பு இல்லாவிட்டால், இத்தரத்தில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டிருக்கக் கூடாது. இதைச் சரிசெய்ய வேண்டியவர் வாடகைக்கு விட்டவர்." அன்று மாலையே அவர்கள் வெப்பமூட்டியைப் போட்டதாக மாணவி எழுதினார். பதிவேட்டில் தேடியபோது அவ்வீட்டுக்கு விடுவிப்பு எதுவும் பதியப்பட்டிருக்கவில்லை. உள்ளாட்சி மன்றத்துக்குக் கடிதம் எழுத மாணவி உதவினார். அடுத்த குளிர்காலத்துக்கு முன் பழைய வெப்பமூட்டிகள் மாற்றப்பட்டன. புதிய சான்றிதழில் 'டி' என்று இருந்தது.

அம்மூதாட்டி எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "வாத்தியாருக்கு நன்றி சொல்லு பிள்ளை" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எம் தவறால் மூன்று வாரம் குளிரில் இருந்தவரிடமிருந்து வந்த அந்நன்றியை ஏற்க எமக்குத் தகுதியில்லை. அதனை இவ்வுரையாக மாற்றி உங்களிடம் ஒப்படைக்கிறோம்.